மீதி பதினைந்து

வயிரவன் செத்துப் பதினோராம் மாதம், அவரைப் பங்கு பிரித்துக் கொடுக்க மதுரையிலிருந்து ஆள் வந்தது.

வந்தவள் ஜெனோவா என்கிற பெண். முப்பது வயது இருக்கலாம். இந்த வேலையாகப் பல வீடுகள் ஏறி இறங்கியவள் என்பது, யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கூட்டத்தில் யார் மூத்தவர் என்று பார்த்துக் கும்பிட்டதில் தெரிந்தது. பின்னால் இரண்டு பேர் ஒரு பேழையைத் தூக்கிவந்து கூடத்தின் நடுவில் வைத்தார்கள். தையல் மெஷின் அளவுதான் இருந்தது. முன்பக்கம் கண்ணாடி, அதற்கு மேலே கடுகளவு கேமரா, கீழே பச்சை வெளிச்சத்தில் ஓர் எண்: 23,27,92,560.

"அப்பச்சி இம்புட்டுத்தானா?" என்றார் சாத்தப்பன். வயிரவனின் மூத்த மகன். அறுபத்தெட்டு வயதிலும் தகப்பனை அப்பச்சி என்றே சொல்கிற ஊர் நெடுவயற்பட்டி.

"இத்தனை நொடி சார்," என்றாள் ஜெனோவா. "நிறுத்தாம ஓட்டினா ஏழு வருஷமும் நாலரை மாசமும் வரும்."

செத்தவர்களை இப்படி வைத்துக்கொள்வது இப்போது ஒன்றும் புதிதில்லை. உயிரோடிருக்கும்போதே மதுரைக்குப் போய், தலையில் ஒரு வலையை மாட்டிக்கொண்டு நான்கு நாள் படுத்திருந்தால் போதும். ஞாபகம், பேச்சு, கோபம், நக்கல் எல்லாம் பேழைக்குள் போய்விடும். பேழை பார்க்கும், கேட்கும், பதில் பேசும், திட்டும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் இருக்க முடியாது, அது சட்டம். எத்தனை நொடி வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான், அழுதாலும் ஊற்றித் தர மாட்டார்கள். அடிக்கடி நிறுத்தி எழுப்பினால் தேயும் என்பதால் வீடு மாறும்போது மட்டுமே நிறுத்துவது வழக்கம்.

உமையாள் இதையெல்லாம் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வயிரவனின் மூன்றாவது மகன் முத்தையாவின் மனைவி. காரைக்குடியில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லித்தருகிறாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. முத்தையா போனதிலிருந்து, இந்த வீட்டில் எந்த நாற்காலி தன்னுடையது என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"எல்லாரும் பத்துக் கோடி, இருபது கோடின்னு ரவுண்டாத்தான் சார் கேப்பாங்க," என்றாள் ஜெனோவா. "உங்க அப்பா கடைசி அறுபது வரைக்கும் சொல்லிக் கேட்டிருக்கார். ஆர்டர் எடுத்தவங்களுக்குப் புரியல. அப்புறம் போட்டுப் பாத்தா, ஒண்ணுலேருந்து இருபத்திரண்டு வரைக்கும் எந்த எண்ணால வகுத்தாலும் மீதி வராது. ஏழு பேரா, பதிமூணு பேரா, பதினேழு பேரா, சுத்தமாப் போகும். அப்படிப்பட்ட எண்கள்லயே இதுதான் ஆகச் சின்னது."

"அதென்ன இருபத்திரண்டு?" என்று கேட்டான் கதிரேசன். இரண்டாவது மகன் லெட்சுமணனின் மூத்த பையன். எதையும் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொள்வான்.

"அவர் பத்தொன்பதுக்குத்தான் கணக்குப் போட்டிருப்பார். பத்தொன்பது வரைக்கும் சரியா வந்துட்டா அடுத்த மூணும் தானா வந்துரும். இருபதுக்கு வேண்டிய நாலும் அஞ்சும் உள்ளயே இருக்கு. இருபத்தொண்ணுக்கு மூணும் ஏழும். இருபத்திரண்டுக்கு ரெண்டும் பதினொண்ணும். மூணும் இனாம்."

இனாம் என்றதும் கூடத்தில் ஒரு திருப்தி பரவியது. சாத்தப்பன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளைக சண்டை போட்டுறக் கூடாதுன்னு பாத்திருக்காக," என்றார்.

வயிரவன் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவர். அடுத்தவர்கள் எந்த வயதில் சாவார்கள் என்று கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கியவர். வீட்டில் பந்தி போட்டால், இலையை எண்ணாமல் உட்கார மாட்டார். பத்து பேருக்குப் பதினோரு வடை இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மீதி என்கிற ஒன்று இருப்பதே உலகத்தில் பாதிச் சண்டைக்குக் காரணம் என்பது அவருடைய கட்சி.

"எத்தனை பங்கு சார்?" என்று கேட்டாள் ஜெனோவா.

"பதினொண்ணரை," என்றார் சாத்தப்பன்.

ஜெனோவா நிமிர்ந்து பார்த்தாள்.

நெடுவயற்பட்டிக் கோயில் கணக்கில் ஆளை எண்ணுவதில்லை, புள்ளியை எண்ணுவார்கள். கல்யாணமான ஆணும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. பெண்பிள்ளைகள் போன இடத்தில் புள்ளி. இருவரில் ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப்புள்ளி. வரி அரை, திருவிழாவில் கையில் கொடுக்கிற தேங்காயும் அரை மூடி. வயிரவனே மனைவி போன பிறகு ஒன்பது வருஷம் அரைப்புள்ளியாக இருந்தவர்தான். அரை மூடியைக் கொண்டுவந்து அடுக்களையில் வைத்துவிட்டு, "என்னையச் சட்னிக்கு ஆக்கிட்டானுக" என்பார். சாத்தப்பனும் அவருடைய நான்கு மகன்களும் ஐந்து புள்ளி. லெட்சுமணனும் ஐந்து மகன்களும் ஆறு. முத்தையா மாரடைப்பில் போன பிறகு உமையாள் அரை. அவளுடைய ஒரே மகள் தேவகோட்டையில் வேறு ஒரு கணக்கில் இருக்கிறாள்.

ஜெனோவா பதினொன்றரை என்று தட்டினாள். பச்சை எண் சிவப்பானது. கீழே ஒரு வரி வந்தது. மீதி 15.

"பேழை ஏத்துக்க மாட்டேங்குது சார்."

"இருபத்திரண்டு வரைக்கும் வரும்னியே? பதினொண்ணரை அதுக்குள்ளதான இருக்கு?"

"அரைன்னு ஒண்ணு வந்துட்டா, எல்லாத்தையும் அரை அரையா எண்ணும் சார். பதினோரு முழுசுன்னா இருபத்திரண்டு அரை. இந்த அம்மாவோட அரை சேந்தா இருபத்து மூணு. இருபத்து மூணைச் சின்ன எண்களா உடைக்க முடியாது, இனாமாவும் வராது. அது இந்த எண்ணுக்குள்ள இல்லவே இல்ல."

லெட்சுமணன் எழுந்து போய்க் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். "தலையிலயே இருபத்து மூணுன்னு போட்டிருக்கேம்மா."

"அது கோடி சார்."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஏழு பேரையும் பதினேழு பேரையும் யோசித்த வயிரவன், தானே ஒன்பது வருஷம் அரையாக இருந்தும், அரையை யோசிக்கவில்லை. தன்னை அவர் எண்ணிக்கொண்டதே இல்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

"பதினஞ்சு நொடிதான? கெடந்துட்டுப் போகுது. விட்டுட்டுப் பிரி," என்றார் சாத்தப்பன்.

"மீதி பூஜ்யமா இருந்தாத்தான் சார் திறக்கும். முன்னாடி ஒரு கேஸ். அண்ணன் தம்பி ரெண்டு பேர், ஒத்தப்படை எண். ஒரு நொடி மிஞ்சிப்போச்சு. அந்த ஒரு நொடி யாருக்குன்னு பதினோரு வருஷம் கோர்ட்டுக்குப் போனாங்க. தீர்ப்பு வாசிச்ச நேரமே ஒரு மணி நேரம். அதுக்கப்புறம் கம்பெனியில இப்படி வச்சுட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் தம்பி செய்ததில் தவறு இருப்பதாகவும் யாருக்கும் படவில்லை.

"இதுக்கு என்ன பண்றது?"

"ரெண்டு வழி இருக்கு. பன்னிரண்டுன்னு வச்சா சரியா வரும். பதினொண்ணுன்னு வச்சாலும் சரியா வரும்."

உமையாள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பன்னிரண்டு என்றால் அவள் ஒன்று. பதினொன்று என்றால் அவள் ஒன்றுமில்லை. எது நடக்கும் என்பது சாத்தப்பன் தொண்டையைச் செருமியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சாத்தப்பன் கெட்டவரில்லை. முத்தையாவின் காரியத்தன்று அவர்தான் இவளுக்கு முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர். வழக்கம் என்ற ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

"உமையா," என்றார். "ஒன்னைய விட்டுட்டோம்னு நெனைக்காத. அரையை முழுசுன்னு நாம எண்ணிட்டா, நாளைக்குக் கோயில்ல கேப்பாக. ஒருத்தருக்குச் செஞ்சா ஊருக்கே செய்யணும். பதினொண்ணுன்னே போட்டுருவோம். பதினோரு வீடும் ஒன் வீடுதான். எப்ப வேணும்னாலும் வந்து அப்பச்சியோட பேசிட்டுப் போ. யாரு வேணாங்கப் போறா?"

யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்தான். வாங்க என்று சொல்லி, நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, கூடவே உட்கார்ந்துகொள்வார்கள். உமையாளுக்கு வேண்டியிருந்தது அதுவல்ல.

வயிரவன் மதுரையில் போய்ப் படுத்தது, அவர் சாவதற்கு முந்தின ஆனி மாதம். முத்தையா ஹைதராபாத்தில் விழுந்தது அதற்கடுத்த தை. சேதி வந்த நாற்பதாம் நாள் வயிரவனும் போய்விட்டார். பேழைக்குள் இருப்பது ஆனி மாதத்து வயிரவன். அவருக்கு ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் நொடியைப் பிரிப்பதிலேயே குறியாக இருந்ததால், இதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. உமையாள் பதினோரு மாதமாக இதை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லோரும் அவள் வருவதைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். முத்தையா பெயரையே எடுப்பதில்லை. எடுத்தால் 'இருந்தான்' என்று முடித்தார்கள். உலகத்தில் முத்தையாவைப் பற்றி 'இருக்கான்' என்று பேசுகிற ஒரே ஆள் இந்தப் பெட்டிக்குள் இருந்தார். அவரோடு ஒரு வீட்டில், பக்கத்தில் வேறு யாருமில்லாமல், கொஞ்ச நாள் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"நான் கைரேகை வைக்க மாட்டேன், பெரியத்தான்," என்றாள்.

சாத்தப்பன் ஜெனோவாவைப் பார்த்தார். பிரிப்பதென்றால் இந்த அம்மாவையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் ரேகையும் வேண்டும் என்றாள் ஜெனோவா.

"முழுசா எண்ணுங்கன்னு நான் கேக்கல," என்றாள் உமையாள். "பாதின்னே எண்ணுங்க. ஆனா எண்ணுங்க."

"அதுக்குத்தான் பொட்டி ஒத்துக்கிற மாட்டேங்குதே, சின்னாத்தா," என்றான் கதிரேசன்.

உள்ளே பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு மருமகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சாத்தப்பன் மேல்துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். உமையாள் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் குடுவையில் அளவு கூடிப்போனால் என்ன செய்வாள்? கொஞ்சம் கீழே ஊற்றிவிடுவாள்.

"ஏம்மா, மிஞ்சுறது பதினஞ்சு நொடிதான? அந்தப் பதினஞ்சை மொதல்லயே செலவழிச்சுட்டா?"

"செய்யலாம் மேடம்," என்றாள் ஜெனோவா உடனே. "பிரிக்கிறதுக்கு முன்னாடி சோதனை ஓட்டம்னு முப்பது நொடி வரைக்கும் அனுமதி உண்டு. ரெண்டு தடவையா ஓட்டலாம். யார் பங்குலயும் சேராது."

"இதை ஏன் நீ அப்பவே சொல்லல?" என்றார் சாத்தப்பன்.

"கேட்டாத்தான் சொல்லணும்னு கம்பெனியில சொல்லியிருக்காங்க சார்."

பதினைந்து நொடியை எப்படிச் செலவழிப்பது என்று பேசி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் யாரும் எதுவும் கேட்பதில்லை, எல்லோரும் முன்னால் நிற்பது, கும்பிடுவது என்று முடிவானது. ஆண்கள் பதினோரு பேரும் வரிசையாக நின்றார்கள். மனைவிமார் பின்னால். உமையாள் தூணோரத்திலேயே நின்றாள். அவளை யாரும் கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

ஜெனோவா தொட்டாள். கண்ணாடியில் வயிரவன் வந்தார். அதே வழுக்கை, அதே மூக்குக்கண்ணாடி. இமைத்தார். அவருக்குக் கீழே எண் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கியது.

"ஆக, போயாச்சு," என்றார்.

யாரோ பின்னால் விசும்பினார்கள். வயிரவன் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் வரிசையின் இந்தக் கோடியில் தொடங்கி நகர்ந்தது. உதடு அசைந்தது. பந்தியில் இலை எண்ணுகிற அதே அசைவு. பதினொன்றில் நின்றது. கண் கூடம் முழுக்க ஒரு சுற்றுத் தேடி, தூணில் வந்து நின்றது.

"அங்க என்ன ஒளிஞ்சுக்கிட்டு? உமையா... பன்னெண்டு." மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார். "பன்னெண்டுக்கு மீதி வராதே. பெறகு எதுக்கு என்னைய..."

கண்ணாடி அணைந்தது. 23,27,92,545 என்று பச்சையில் நின்றது.

சாத்தப்பன் கும்பிட்ட கையை இறக்கவில்லை. உமையாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். அவளை யாரும் எண்ணி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எண்ணப்படுவது இத்தனை பெரிய விஷயம் என்று அவள் நினைத்ததில்லை. அழுகையை அடக்க வேண்டியிருந்தது.

"இப்ப இருபத்து மூணுக்குச் சரியா வருது சார்," என்றாள் ஜெனோவா. "பதினோரு முழுசு, ஒரு அரை. பட்டியல் போட்டுறவா?"

"போடு," என்றான் கதிரேசன். பெரியப்பா கும்பிட்டபடியே நிற்பதைப் பார்த்து, "ஐயாவுக்குச் சித்தப்பா விசயம் தெரியாது, பெரியப்பா. தெரியாமத்தான் பன்னெண்டுன்னாக. நாம வழக்கப்படியே போயிருவோம்," என்றான். தாத்தாவை ஐயா என்பது அவர்கள் வழக்கம்.

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றாள் ஜெனோவா. "ஒவ்வொரு வீட்டுலயும் முறை ஆரம்பிக்கிறப்ப இந்தப் பட்டியலை அவருக்கு வாசிச்சுக் காட்டும். ஒருத்தரை அவருக்கே தெரியாமப் பிரிக்கக் கூடாதுன்னு ஒரு தீர்ப்பு இருக்கு. பேரும் பங்கும் அப்படியே வரும். உமையாள், அரை. அதைக் கேட்டா அவர் ஏன்னு கேப்பார். இதையும் கேட்டாத்தான் சொல்லணும். ஆனா சொல்லிட்டேன்."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அதைப் புரிந்துகொண்டார்கள். அரை என்ற ஒரு சொல் போதும். அவர் அரைப்புள்ளியாகவே வாழ்ந்தவர். அதற்கு என்ன பொருள் என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

"மொத முறை யாருக்கு?" என்று கேட்டார் லெட்சுமணன், தெரிந்திருந்தும்.

"மூத்தவருக்குத்தான வழக்கம்," என்றான் கதிரேசன்.

சாத்தப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஹைதராபாத்துலேருந்து போன் எனக்குத்தான் வந்துச்சு," என்றார். பேச்சு யாருக்கென்று இல்லாமல் பொதுவாக இருந்தது. "நான்தான் போய் அப்பச்சிகிட்டச் சொன்னேன். வெத்தலை போட்டுக்கிட்டிருந்தாக. மெல்லுறதை நிறுத்திட்டு என்னையவே பாத்தாக. பெறகு நாப்பது நாளும் அந்த மொகத்தோடதான் இருந்தாக. ஒரு தடவை சொல்லிட்டேன். இன்னொரு தடவை அந்த மொகத்தைப் பாக்க என்னால ஆகாது. வேற யாராச்சும் சொல்றீகளா? சொல்றவுக மொத முறையை எடுத்துக்கங்க."

முந்தின நாள் வரை முதல் முறைக்குப் போட்டி இருந்தது. இப்போது லெட்சுமணன் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்தார். கதிரேசன் கண்ணாடியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"அப்ப அப்பச்சி எண்ணினதுதான் எண்ணிக்கை," என்றார் சாத்தப்பன். "பன்னெண்டு. கோயில்ல கேட்டா என்னையக் கேக்கட்டும்."

ஜெனோவா பன்னிரண்டு என்று தட்டினாள். எண் சிவப்பானது.

"மறுபடி என்ன?"

"முன்னாடி பன்னெண்டுக்கு வந்துச்சு சார். பதினஞ்சு நொடி செலவழிச்சதுல கெட்டுப்போச்சு. இப்ப ஒன்பது மிஞ்சுது."

அவளை முழுசாக எண்ணச் சொன்ன அந்தப் பதினைந்து நொடிதான் அவளை முழுசாக எண்ண முடியாமல் பண்ணியது. உமையாளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, அதையும் அடக்கிக்கொண்டாள்.

"ஒம்பதையும் ஓட்டித் தீத்துரு," என்றார் சாத்தப்பன். "சோதனையில இன்னும் பாக்கி இருக்குல்ல?"

"இருக்கு சார். ஆனா இந்தத் தடவை யாராவது முன்னாடி நின்னு பேசறது நல்லது. பாதிப் பேச்சுல நிறுத்திட்டோம். எழும்பினதும் ஏன்னுதான் கேப்பார்."

பதினோரு ஆண்களும் ஆளுக்கு ஓர் அடி பின்வாங்கினார்கள். அதில் உமையாள் தானாகவே முன்னால் வந்துவிட்டாள்.

பேழைக்கு முன்னால் போய் நின்றாள். கேட்பதற்கு எத்தனையோ இருந்தது. ஒன்பது நொடியில் எதைக் கேட்பது? அவள் ஒன்றும் கேட்காவிட்டாலும் அவரே கேட்டுவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

கண்ணாடியில் வயிரவன் வந்தார்.

"...எழுப்புனீக?" என்று விட்ட இடத்தில் முடித்தார். எதிரில் உமையாளைப் பார்த்ததும் முகம் இளகியது. "நீயா? எங்க அவன்? காப்பியை மீதி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டானா?"

முத்தையாவுக்கு அந்தப் பழக்கம் உண்டு. எத்தனை சொல்லியும் டம்ளரில் ஒரு வாய்க் காப்பியை விட்டுவிட்டுத்தான் எழுவான். அதற்காக ஐம்பது வயது மகனைத் தகப்பன் தினமும் காலையில் திட்டுவார். அந்த மிச்சத்தை ஊற்றிக் கழுவும்போது உமையாளும் திட்டியிருக்கிறாள். ஒரு வருஷமாக அவள் வீட்டு டம்ளர்களில் எதுவும் மிஞ்சுவதில்லை.

பின்னால் நின்ற இருபத்திரண்டு பேரும் அவள் முதுகைப் பார்த்தார்கள்.

"வந்து குடிச்சிருவாக, மாமா," என்றாள்.

"எங்க குடிக்கப் போறான்," என்றார் வயிரவன். கண்ணாடி அணைந்தது.

மீதி 0 என்று பச்சையில் வந்தது. ஜெனோவா பட்டியலைப் போட்டாள், அவரே எண்ணியபடி 'உமையாள், ஒன்று' என்று. ஒரு பங்குக்கு ஏழரை மாதம் என்றாள். அந்த எண்ணைக் கேட்டுச் சனியை நினைத்துச் சிலர் முகம் சுளித்தார்கள். நாள் கொஞ்சம் குறைவுதான் என்று அவள் திருத்தியதும் ஒத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு பேரும் வரிசையாகக் கைரேகை வைத்தார்கள்.

"பதினோரு வீட்டுலயும் ஒரே பேச்சுத்தான்," என்றார் சாத்தப்பன். "முத்தையா வெளிய போயிருக்கான். புரிஞ்சுதா?"

"ஏழு வருசமாவா வெளிய போவாக?" என்றான் கதிரேசன்.

"மாத்திச் சொல்லு. ஒரு நா கடைக்கு, ஒரு நா மதுரைக்கு. அவன் பல்லு வலிக்குதுன்னு படுத்திருக்கான்னு சொல்லு. ஒனக்கென்ன, பொய் சொல்லத் தெரியாதா?" பிறகு உமையாளிடம் திரும்பினார். குரல் வேறாக இருந்தது. "உமையா, மொத முறை நீ எடுத்துக்க. அதுதான் நியாயம்."

காலையில் இந்த வீட்டுக்குள் வரும்போது, தன்னைக் கடைசியில் தள்ளிவிடுவார்களே என்று பயந்துகொண்டுதான் வந்தாள். இப்போது அவள் யோசிக்கவே இல்லை.

"வேணாம், பெரியத்தான். எனக்குக் கடைசி போதும்."

"கடைசின்னா ஆறே முக்கா வருசம் ஆகுமே."

"ஆகட்டும்."

அவர்களுக்குப் புரியவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார்கள். லெட்சுமணன் அதை வாய்விட்டே சொன்னார். பெருந்தன்மையெல்லாம் ஒன்றுமில்லை. தன் வீட்டுக்கு முதலில் வந்தால் ஏழரை மாதம். பிறகு பேழை எங்கோ போய்விடும். அவள் மறுபடி தணிந்த குரல்களுக்கு நடுவே இருப்பாள். கடைசியில் வந்தால், அதுவரை ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு நாளும், முத்தையாவை எங்கேயாவது அனுப்பிவைத்துக்கொண்டே இருந்தாக வேண்டும். அவளிடம் அவன் பெயரைச் சொல்லத் தயங்கிய அத்தனை பேரும் ஆறே முக்கால் வருஷத்துக்கு அவனைப் பற்றி 'இருக்கான்' என்று பேச வேண்டும். பேசிப் பேசிப் பழகிவிடும்.

எல்லோரும் பாயசம் குடிக்கப் போனார்கள். பந்தியில் உமையாளுக்கு ஒரு முழு இலை போட்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, அவள் முதல் முறைக்குப் பேழை போயிருந்த சாத்தப்பன் வீட்டு வழியாக வந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே வயிரவன் ஏதோ கேட்டார். என்ன என்பது தெருவுக்குக் கேட்கவில்லை. சாத்தப்பன் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். அதனால் தேவைக்கு மேலே சத்தமாகச் சொன்னார்.

"முத்தையாதான? இப்பத்தான் அப்பச்சி வெளிய போனான். வந்துருவான்."

எதிர் வீட்டு வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்ற பெண் நிமிர்ந்து பார்த்தாள். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். உமையாள் பையைத் தோள் மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய், காப்பி போட்டு, இரண்டு டம்ளரில் ஊற்றினாள்.